பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் ரேமை எங்கே செலவழிக்கின்றன?

கணினி திணறும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், பெரும்பாலும் பட்டியலின் உச்சியில் பிரவுசர்தான் இருக்கும். அதன் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தட்டினால் ஒரே பெயரில் இருபது, முப்பது வரிகள் விரியும். எந்த வரி எதற்கானது என்று தெரியாது. அப்புறம் நாம் செய்வது, கண்ணில் படும் டேப்களை ஒவ்வொன்றாக மூடுவது. கொஞ்சம் மூச்சு வரும். அரை மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும்.

டேப்கள் மீது பழி போடுவது எளிது. அவை கண்ணெதிரே வரிசையாக நிற்கின்றன. விளம்பரத் தடுப்பான், கடவுச்சொல் காப்பான், இலக்கணத் திருத்தி, பக்கத்தைக் கருப்பாக்கும் கருவி என்று எப்போதோ நிறுவிவிட்டு மறந்துபோன எக்ஸ்டென்ஷன்கள் அப்படி நிற்பதில்லை. அவை எடுக்கும் நினைவகத்தில் ஒரு பகுதி மட்டுமே அவற்றின் பெயரில் பதிவாகிறது. மீதி, டேப்களின் கணக்கில் போய்ச் சேருகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால், எதை நீக்குவது, எதை வைத்துக்கொள்வது, வைத்துக்கொண்டதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதெல்லாம் சிரமமில்லாமல் விளங்கும்.

ரேம் நிறைந்திருந்தால் தவறா?

ரேம் என்பது கணினி இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் தகவல்களை வைத்திருக்கும் இடம். ஒரு பக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் அதன் எழுத்துகள், படங்கள், ஸ்கிரிப்டுகள் (பக்கத்தை இயக்கும் சிறு நிரல்கள்), பக்க அமைப்பு எல்லாவற்றையும் பிரவுசர் அங்கே வைத்துக்கொள்ளும். கோப்பின் அளவை வைத்து இதைக் கணக்கிட முடியாது. 4000 × 3000 புள்ளிகள் கொண்ட ஒரு புகைப்படம் கோப்பாக 3 எம்பி மட்டுமே இருக்கலாம். திரையில் காட்டுவதற்காக அதை முழு அளவில் விரிக்கும்போது ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ஆகிவிடும். பக்கம் சின்னதாகத் தெரிகிறதே, ஏன் இவ்வளவு ரேம் என்ற கேள்விக்கு இதுவே பாதிப் பதில்.

காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபமில்லை. அதனால் பிரவுசர்கள் தெரிந்தேதான் தாராளமாக எடுத்துக்கொள்கின்றன. முந்தைய பக்கத்துக்குத் திரும்பும்போது அது சட்டென்று வர வேண்டும் என்பதற்காக அதை அப்படியே வைத்திருப்பதும் உண்டு. ஆகவே ரேம் 70 விழுக்காடு நிறைந்திருக்கிறது என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

தொல்லை, இடம் போதாமல் போகும்போதுதான் தொடங்குகிறது. விண்டோஸும் மேக்கும் முதலில் ரேமில் இருப்பதைச் சுருக்கி வைத்துப் பார்க்கும். அதுவும் போதாவிட்டால் அதில் ஒரு பகுதியை வட்டுக்கு மாற்றும். வட்டு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ரேமுக்கு ஈடாகாது. டேப் மாறும்போது பக்கம் சில நொடிகள் வெறுமையாக நிற்பது, தட்டச்சு செய்த எழுத்து தாமதமாக வந்து விழுவது, மூடாத ஒரு டேப் தானாகவே மறுபடி ஏறுவது ஆகியவை இதன் அடையாளங்கள். இவை இல்லையென்றால் உங்கள் பிரவுசர் எத்தனை ஜிபி எடுத்தாலும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரே பிரவுசருக்கு ஏன் இத்தனை வரிகள்?

முன்பெல்லாம் பிரவுசர் முழுவதும் ஒரே பிராசஸாக, அதாவது தனக்கென்று நினைவகம் கொண்ட ஒரே ஓட்டமாக, ஓடியது. ஒரு பக்கம் தடுக்கி விழுந்தால் எல்லாப் பக்கங்களும் சேர்ந்து விழும். 2008 செப்டம்பரில் வந்த கூகுள் குரோம், பக்கங்களைத் தனித்தனி பிராசஸ்களில் ஓடவிட்டது. 2010 ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3.6.4, ஃபிளாஷ் போன்ற பிளக்-இன்களைத் தனி பிராசஸுக்கு ஒதுக்கியது. அந்தக் காலத்தில் டாஸ்க் மேனேஜரில் 'பிளக்-இன் கன்டெய்னர்' என்ற பெயரைப் பார்த்து, ஏதோ வைரஸ் என்று பயந்தவர்கள் ஏராளம்.

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. ஒரே பிராசஸில் இருக்கும் இரண்டு தளங்களில் ஒன்று மற்றொன்றின் தகவலை எட்டிப் பார்க்க வழியுண்டு என்று தெரிந்ததும், குரோம் அதே ஆண்டில் ஒவ்வொரு தளத்தையும் தனி பிராசஸில் அடைக்கத் தொடங்கியது. பக்கத்துக்குள் செருகப்பட்டிருக்கும் வேறு தளத்தின் சட்டகம் கூடத் தனி பிராசஸுக்குப் போனது. இதற்காக 10 முதல் 13 விழுக்காடு வரை நினைவகம் கூடும் என்று கூகுளே அப்போது சொன்னது. வரிகளின் எண்ணிக்கையில் பெரும்பங்கு, பாதுகாப்புக்காக நாம் கொடுக்கும் விலை. அதில் கை வைக்கக் கூடாது. இணையத்தில் சில 'வேகக் குறிப்புகள்' இந்தப் பிரிப்பை அணைக்கச் சொல்லும், கேட்காதீர்கள்.

பழைய பிளக்-இன்கள்

பிளக்-இன் என்று ஒரு காலத்தில் சொன்னது ஃபிளாஷ், ஜாவா, சில்வர்லைட் போன்றவற்றை. பிரவுசருக்குத் தெரியாத வேலையைச் செய்வதற்காக வெளியிலிருந்து வந்த முழு மென்பொருள்கள் அவை. நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் காலத்தில் உருவான ஓர் இணைப்பு முறையில் ஓடின. ரேமை வாரி விழுங்கின, பாதுகாப்பு ஓட்டைகளும் ஏராளம். 2015 செப்டம்பரில் குரோம் 45 அந்த முறையைக் கைவிட்டது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52, ஃபிளாஷை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நிறுத்தியது. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது.

எனவே இன்று 'ஃபிளாஷைப் புதுப்பித்தால் ரேம் குறையும்' என்று ஏதாவது ஒரு பக்கம் சொன்னால், அது பத்தாண்டு பழைய குறிப்பு, அல்லது ஏமாற்று. ஃபயர்ஃபாக்ஸின் துணைநிரல் பக்கத்தில் பிளக்-இன்கள் என்ற பிரிவு இன்னமும் இருக்கிறது. அதில் சிஸ்கோவின் ஓபன்-எச்264, கூகுளின் வைட்வைன் ஆகிய இரண்டும் தென்படும். முன்னது வீடியோ அழைப்புகளுக்கு, பின்னது பூட்டுப் போட்ட வீடியோக்களைப் பார்க்க. இவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். இன்றைக்குப் பலரும் பிளக்-இன் என்று சொல்வது எக்ஸ்டென்ஷனைத்தான். இனி பேச்சு முழுவதும் அதைப் பற்றியே.

ஓர் எக்ஸ்டென்ஷன், இரண்டு செலவுக் கணக்கு

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசருக்குள் ஓடும் ஒரு சிறிய நிரல். அது பொதுவாக இரண்டு இடங்களில் வாழ்கிறது.

முதலாவது, பின்னணிப் பகுதி. எந்தப் பக்கத்தோடும் சேராமல் தனியாக ஓடி, அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும். விளம்பரத் தடுப்பான் என்றால் பல்லாயிரக்கணக்கான விதிகள் கொண்ட பட்டியலை வைத்திருக்கும். குரோமின் பழைய விதிமுறையில் இந்தப் பகுதி, பிரவுசர் திறந்த நொடி முதல் மூடும் வரை ஓடிக்கொண்டே இருக்கலாம். மேனிஃபெஸ்ட் வி3 என்னும் புதிய விதிமுறையில் அந்த வசதி இல்லை. வேலை வந்தால் எழும், 30 நொடி சும்மா இருந்தால் நிறுத்தப்படும். பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை 2024 ஜூன் முதல் குரோம் படிப்படியாக அணைக்கத் தொடங்கியது. இந்த மாற்றம் விளம்பரத் தடுப்பான்களின் கையைக் கட்டிப்போட்டது என்ற குறை நியாயமானதே. நினைவகத்தைப் பொறுத்தவரை மட்டும் பார்த்தால், பின்னணிச் செலவு இதனால் குறைகிறது.

இரண்டாவது, பக்கத்துக்குள் செலுத்தப்படும் ஸ்கிரிப்ட். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கடவுச்சொல் காப்பான் உள்நுழைவுப் பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும், இலக்கணத் திருத்தி நீங்கள் எழுதுவதைப் படிக்க வேண்டும், கருப்பாக்கும் கருவி ஒவ்வொரு நிறத்தையும் மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் பக்கத்தின் உள்ளேயே இருந்தாக வேண்டும். அதனால் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு டேப்புக்குள்ளும் அந்த ஸ்கிரிப்டின் ஒரு பிரதி ஏற்றப்படுகிறது. பக்கத்துக்குள் வேறு சட்டகங்கள் இருந்தால், எக்ஸ்டென்ஷன் கேட்டுக்கொண்டால், அவை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிரதி. விளம்பரங்களும் கருத்துப் பெட்டிகளும் பதிக்கப்பட்ட வீடியோக்களும் கொண்ட ஒரு செய்திப் பக்கத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு சட்டகங்கள் இருப்பது சாதாரணம்.

அந்தப் பிரதி எடுக்கும் நினைவகம் எந்தக் கணக்கில் எழுதப்படும்? அது ஓடுவது டேப்பின் பிராசஸுக்குள். ஆகவே டேப்பின் கணக்கில். பட்டியலில் எக்ஸ்டென்ஷனின் பெயருக்கு எதிரே 40 எம்பி என்று அடக்கமாக ஓர் எண் இருக்கும். பெரிய தொகை டேப்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் எக்ஸ்டென்ஷன் ஒரு டேப்புக்கு 3 எம்பி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 40 டேப்களில் அது 120 எம்பி. அதே மாதிரி ஐந்து எக்ஸ்டென்ஷன்கள் என்றால் 600 எம்பி. இதில் ஒரு எம்பி கூட எக்ஸ்டென்ஷன்களின் பெயரில் தெரியாது. ஒவ்வொரு டேப்பும் 15 எம்பி கூடுதலாகக் காட்டும், அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று தோன்றினால், நிஜத்தில் நடந்த ஒன்று இருக்கிறது. 2014-இல் மொசில்லாவின் பொறியாளர் ஒருவர் ஃபயர்ஃபாக்ஸில் ஆட்பிளாக் பிளஸ் எக்ஸ்டென்ஷனை அளந்து பார்த்தார். விளம்பரப் பெட்டிகளை மறைப்பதற்கான பெரிய ஸ்டைல் பட்டியல் ஒன்றை அது ஒவ்வொரு சட்டகத்துக்கும் தனித்தனியாகச் செலுத்திக்கொண்டிருந்தது. சட்டகம் ஒன்றுக்கு ஏறக்குறைய 4 எம்பி. நூற்றுக்கணக்கான சட்டகங்கள் கொண்ட ஒரு சோதனைப் பக்கத்தில், ஏறத்தாழ 370 எம்பியாக இருந்த பயன்பாடு 2 ஜிபியை நெருங்கியது. ஒரே பட்டியலை எல்லாச் சட்டகங்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை 2015-இல் ஃபயர்ஃபாக்ஸ் 41 கொண்டுவந்த பிறகு அந்தச் செலவு வெகுவாகக் குறைந்தது. அந்தக் குறிப்பிட்ட குறை போய்விட்டது. ஆனால் பிரதி பெருகும் முறை மாறவில்லை.

ஆகவே எத்தனை எக்ஸ்டென்ஷன்கள் நிறுவியிருக்கிறீர்கள் என்ற எண்ணிக்கையை விட, அவை எத்தனை பக்கங்களுக்குள் நுழைகின்றன என்பதே பெரிய கேள்வி. பொத்தானை அழுத்தினால் மட்டும் விழித்துக்கொள்ளும் பத்து எக்ஸ்டென்ஷன்கள், எல்லாப் பக்கத்திலும் நுழையும் ஒன்றை விட லேசாக இருக்க முடியும்.

எவை கனமானவை?

வேலையின் தன்மையைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். பக்கத்தைக் கருப்பாக்கும் கருவிகள் பக்கத்தின் நிற விதிகள் அனைத்தையும் படித்து, மாற்று விதிகளை எழுதி, பக்கம் மாறும்போதெல்லாம் மறுபடியும் அதையே செய்கின்றன. இலக்கணத் திருத்திகள் எழுதும் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். பொருள் வாங்கும் தளங்களில் தள்ளுபடி தேடித் தருகிறோம் என்பவை, அந்தத் தளங்களில் மட்டும் இருந்தால் போதும் என்றாலும் எல்லாப் பக்கங்களிலும் நுழைய அனுமதி கேட்கும். என் கருத்தில், முதலில் கழற்றிவிட வேண்டியவை இவைதான். ரேமுக்காக மட்டுமல்ல, நீங்கள் எங்கெல்லாம் போகிறீர்கள் என்பதை அவை பார்க்க முடியும் என்பதற்காகவும்.

விளம்பரத் தடுப்பான் கதை வேறு. அது தனக்கென்று ஒரு தொகையை எடுத்துக்கொள்கிறது, உண்மை. ஆனால் அது தடுக்கும் விளம்பரங்களும் வேவு ஸ்கிரிப்டுகளும் ஏறியிருந்தால் அவையும் ரேமைத்தான் தின்றிருக்கும், தனிச் சட்டகங்களாக, தனி பிராசஸ்களாக. விளம்பரம் மிகுந்த பக்கங்களைத் திறப்பவருக்கு நல்ல தடுப்பான் ஒன்று மொத்தத்தில் லாபமாகவே முடியலாம். எழுத்து மட்டுமே உள்ள பக்கங்களைப் படிப்பவருக்கு அப்படி இருக்காது. தவறு எங்கே நடக்கிறதென்றால், ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகத் தடுப்பான்களை வைத்துக்கொள்வதில். இரண்டும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு ஒரே வேலையைச் செய்யும், பலன் கூடாது, செலவு மட்டும் இரட்டிக்கும். தடுப்பானின் அமைப்புகளுக்குள் போய், தேவையில்லாத நாடுகள், மொழிகளுக்கான பட்டியல்களை அணைப்பதும் உதவும்.

இன்னொன்று, கசிவு. நிரல் தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. வேலை முடிந்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தால், பிரவுசர் 'இது இன்னும் தேவைப்படுகிறது போல' என்று நினைத்து அதை அப்படியே விட்டுவிடும். மூடிய பக்கம் ஒன்றின் துண்டை எக்ஸ்டென்ஷன் விடாமல் வைத்திருந்தால், பக்கம் முழுவதுமே நினைவகத்தில் தங்கிப்போகும். பழைய ஃபயர்ஃபாக்ஸில் இது பெருந்தொல்லையாக இருந்தது. 2012-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 15 இந்த வகைக் கசிவுகளில் பெரும்பாலானவற்றை அடைத்தது. கசிவையும் வழக்கமான செலவையும் பிரித்தறிவது கடினமில்லை. வழக்கமான செலவு ஓர் அளவுக்கு ஏறி அங்கேயே நிற்கும். கசிவு, நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் ஏறிக்கொண்டே போகும், டேப்களை மூடினாலும் இறங்காது, பிரவுசரை மூடித் திறந்தால் மட்டுமே சரியாகும்.

அளந்து பார்ப்பது

ஊகத்தின் பேரில் எதையும் நீக்க வேண்டாம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் இதற்குப் போதாது. பிரவுசருக்குள்ளேயே தனியாக ஒன்று இருக்கிறது. குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். மேக்கில் குரோமின் மெனுவிலிருந்து திறக்கலாம். நினைவகம் என்ற தலைப்பைத் தட்டினால் பெரியது மேலே வரும். டேப்களும் எக்ஸ்டென்ஷன்களும் பெயரோடு தெரியும். புதிய வகை எக்ஸ்டென்ஷன் அந்த நேரத்தில் உறங்கிக்கொண்டிருந்தால் அதன் வரி இருக்காது. அதை வைத்து அதற்குச் செலவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் 'அபவுட்:புராசஸஸ்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் இதே போன்ற பட்டியல் வரும். ஃபயர்ஃபாக்ஸ் எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் ஒரே பிராசஸில் ஓடவிடுவதால், அங்கே தெரிவது மொத்தத் தொகை. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க 'அபவுட்:மெமரி' பக்கம் இருக்கிறது. அளவிடு என்ற பொத்தானை அழுத்தினால் நீண்ட கிளைப் பட்டியல் விரியும். பார்க்க மிரட்டும். எக்ஸ்டென்ஷன்களுக்கான பிராசஸின் பகுதியை மட்டும் தேடிப் படித்தால் போதும். அதே பக்கத்தில் நினைவகப் பயன்பாட்டைக் குறைக்கும் பொத்தானும் உண்டு. அதை அழுத்திய பிறகும் எண் இறங்கவில்லை என்றால், அந்த நினைவகத்தை யாரோ நிஜமாகவே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இந்தப் பட்டியல்கள் காட்டுவது முதல் வகைச் செலவை மட்டும்தான். டேப்களுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டாம் வகையைப் பிடிக்க ஒரே வழி, எக்ஸ்டென்ஷன்கள் இருக்கும்போதும் இல்லாதபோதும் மொத்தத்தை ஒப்பிடுவது. வழக்கமாகத் திறக்கும் ஏழெட்டுப் பக்கங்களைத் திறந்து, சில நிமிடம் காத்திருந்து, பிரவுசரின் மொத்த நினைவகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் அணைத்துவிட்டு, பிரவுசரை முழுவதுமாக மூடித் திறந்து, அதே பக்கங்களில் அதே அளவு நேரம் காத்திருந்து மறுபடியும் பாருங்கள். மூடித் திறப்பது முக்கியம். எக்ஸ்டென்ஷனை அணைத்தாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கங்களுக்குள் நுழைந்துவிட்ட ஸ்கிரிப்ட், பக்கம் மறுபடி ஏறும் வரை அங்கேயே இருக்கலாம்.

இரண்டு எண்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் சரி, எக்ஸ்டென்ஷன்கள் குற்றவாளி இல்லை. வித்தியாசம் இருந்தால், பாதியை மட்டும் இயக்கி அளந்து பாருங்கள். கனம் எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். பதினாறு எக்ஸ்டென்ஷன்கள் இருந்தாலும், குற்றவாளி ஒன்றே ஒன்று என்றால் நான்கு சுற்றில் பிடித்துவிடலாம். பலரும் சிறிது சிறிதாகத் தின்கிறார்கள் என்றால் இந்த முறை அவ்வளவு துல்லியமாக இருக்காது. அப்போது ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

மறைநிலைச் சாளரத்தில் எக்ஸ்டென்ஷன்கள் இயல்பாக ஓடாது என்பதால் அதிலும் ஒப்பிடலாமே என்று தோன்றும். அங்கே நீங்கள் எந்தக் கணக்கிலும் உள்நுழைந்திருக்க மாட்டீர்கள். பக்கங்கள் வேறு மாதிரி ஏறும், கணக்கு பிசகும். ஃபயர்ஃபாக்ஸின் சிக்கல் தீர்க்கும் பயன்முறையும் இப்படித்தான். அது எக்ஸ்டென்ஷன்களோடு வேறு சிலவற்றையும் சேர்த்து அணைத்துவிடுகிறது. பிழை தேட நல்லது, ரேம் அளக்க நம்ப முடியாது.

குறைப்பது

பயன்படுத்தாததை நீக்குவது முதல் வேலை, அதற்கு விளக்கம் தேவையில்லை. நீக்க மனமில்லையென்றால் அணைத்து வையுங்கள். அணைத்த எக்ஸ்டென்ஷன் ரேமில் ஓடாது. பிரவுசரிலேயே இருக்கும் வசதிக்குத் தனி எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பிடிஎஃப் திறப்பது, கடவுச்சொல் சேமிப்பது, பக்கத்தை மொழிபெயர்ப்பது எல்லாம் இன்று பெரும்பாலான பிரவுசர்களில் உள்ளேயே இருக்கின்றன.

அடுத்தது, பெரும்பாலோர் தொடாத ஓர் அமைப்பு. ரேம் விஷயத்தில் அதிகப் பலன் தருவது இதுவே. குரோமிலும் எட்ஜிலும் எக்ஸ்டென்ஷன்கள் பக்கத்துக்குப் போய், ஒவ்வொன்றின் விவரங்களையும் திறந்தால், தள அணுகல் என்று ஒரு தேர்வு இருக்கும். எல்லாத் தளங்களிலும், குறிப்பிட்ட தளங்களில் மட்டும், கிளிக் செய்யும்போது மட்டும் என்று மூன்று வழிகள். எல்லாத் தளங்களிலும் நுழைய அனுமதி கேட்கும் எக்ஸ்டென்ஷன்களுக்கு, நிறுவும்போது இயல்பாக முதல் வழிதான் கிடைக்கும். இலக்கணத் திருத்தியை மின்னஞ்சலில் மட்டுமே பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்தத் தளத்தை மட்டும் கொடுங்கள். எப்போதாவது தேவைப்படும் திரைப்பிடிப்புக் கருவிக்குக் கிளிக் செய்யும்போது மட்டும் என்பதே போதும். இப்படிச் செய்தால் 40 டேப்களில் நுழைந்த ஸ்கிரிப்ட் இரண்டு டேப்களோடு நின்றுவிடும். எக்ஸ்டென்ஷன் நீக்கப்படவில்லை, செலவில் பெரும்பகுதி நீங்கிவிட்டது. திறந்திருக்கும் பக்கங்களை மறுபடி ஏற்றினால்தான் மாற்றம் தெரியும்.

சஃபாரியில் தளம் தளமாக அனுமதி தரலாம், ஒரு நாளைக்கு மட்டும் என்றும் கொடுக்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் இந்தக் கட்டுப்பாடு புதிய விதிமுறையில் எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டும் கிடைக்கிறது.

விளம்பரத் தடுப்பானையும் கடவுச்சொல் காப்பானையும் இப்படிச் சுருக்க வேண்டாம். எல்லா இடத்திலும் இருந்தால்தான் அவற்றால் பயன்.

பிரவுசரில் வேலைக்கு ஒரு சுயவிவரம் (புரொஃபைல்), மற்றவற்றுக்கு ஒன்று என்று பிரித்து வைப்பதும் நல்ல பழக்கம். சுயவிவரம் ஒவ்வொன்றுக்கும் அதனதன் எக்ஸ்டென்ஷன்கள் தனி. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் இரண்டு பின்னணிச் செலவும் சேரும், பிரித்ததன் பயன் போய்விடும்.

டேப்களை உறங்க வைக்கும் வசதியும் இதில் சேரும். எட்ஜில் 2021 முதல் உறங்கும் டேப்கள் உண்டு. குரோமில் மெமரி சேவர் 2022 இறுதியில் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ், விண்டோஸில் இடம் மிகவும் குறையும்போது பழைய டேப்களை இறக்கிவிடும், இது 2021 அக்டோபரில் வந்த பதிப்பு 93 முதல். டேப்பை நினைவகத்திலிருந்து இறக்கும்போது அதற்குள் இருந்த எக்ஸ்டென்ஷன் பிரதிகளும் சேர்ந்து போய்விடும். மறுபடி கிளிக் செய்தால் பக்கம் புதிதாக ஏறும். பாட்டு ஓடும் டேப், பாதி நிரப்பிய படிவம் உள்ள டேப் போன்றவற்றைக் குரோம் தொடாமல் விடும். எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களை அமைப்புகளில் விதிவிலக்காகச் சேர்க்கலாம்.

ரேம் சேமிக்கும் எக்ஸ்டென்ஷன்கள்

இந்த வசதிகள் வருவதற்கு முன் இதே வேலையைச் செய்ய எக்ஸ்டென்ஷன்கள் இருந்தன. அவற்றில் தி கிரேட் சஸ்பெண்டர் மிகவும் பெயர் பெற்றது. பயன்படுத்தாத டேப்களை உறங்க வைக்கும், மூல நிரல் திறந்தது, நம்பகமானது என்று பெயர். 2020-இல் அதை உருவாக்கியவர் வேறொருவரிடம் கைமாற்றிவிட்டார். அதன் பிறகு வந்த பதிப்புகள் குறித்துச் சந்தேகங்கள் எழுந்தன. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீய மென்பொருள் என்று கூறிக் கடையிலிருந்து நீக்கி, நிறுவியவர்களின் பிரவுசர்களிலும் அணைத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. அணைக்கப்பட்டதும் அது உறங்க வைத்திருந்த டேப்களின் முகவரிகளைத் திரும்பப் பெற முடியாமல் பலர் திண்டாடினார்கள்.

எக்ஸ்டென்ஷன் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், நிறுவிய நாளில் நல்லதாக இருந்தது கைமாறிய பிறகும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பிரவுசரிலேயே உறங்கும் வசதி வந்துவிட்ட பிறகு, ரேமைச் சேமிக்க இன்னொரு எக்ஸ்டென்ஷனை நிறுவுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. 'ரேம் கிளீனர்' என்று கணினிக்கென விற்கப்படுபவையும் இதே ரகம். அவை ரேமில் இருப்பதை வலுக்கட்டாயமாக வட்டுக்குத் தள்ளி எண்ணைக் குறைத்துக் காட்டும். அடுத்த நொடி பிரவுசர் அதைத் திரும்பக் கேட்கும்போது கணினி முன்பை விடத் திணறும். பிரவுசரின் கேஷையும் குக்கிகளையும் அழிப்பதும் பயன் தராது. அவற்றில் பெரும்பகுதி இருப்பது வட்டில்.

அலுவலகக் கணினியில் சில எக்ஸ்டென்ஷன்களை நீக்கவோ அணைக்கவோ முடியாமல் பூட்டியிருக்கும். நிர்வாகி நிறுவியது என்ற குறிப்பும் அருகில் இருக்கும். அங்கே நீங்கள் செய்யக்கூடியது, அவை ஓடும்போது பிரவுசர் எவ்வளவு எடுக்கிறது, அதே பக்கங்கள் அந்த எக்ஸ்டென்ஷன்கள் இல்லாத ஒரு பிரவுசரில் எவ்வளவு எடுக்கின்றன என்ற இரண்டு எண்களோடு கணினிப் பிரிவை அணுகுவது. 'மெதுவாக இருக்கிறது' என்று சொல்வதை விட எண்களுக்கு விரைவாகப் பதில் கிடைக்கும்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மொத்தம் அதே இடத்தில் நின்றால், பிரவுசரின் டாஸ்க் மேனேஜரில் முதலிடத்தில் நிற்கும் டேப்பைப் பாருங்கள். முடிவில்லாமல் கீழே நீளும் சமூக ஊடகப் பக்கம், நாள் முழுக்கத் திறந்திருக்கும் மின்னஞ்சல், பெரிய விரிதாள் என்று பெரும்பாலும் அது ஏதாவதொன்றாக இருக்கும். அந்த ஒரு டேப்பை மட்டும் அவ்வப்போது மறுபடி ஏற்றினால் போதும், மற்றவற்றை மூட வேண்டியதில்லை.